ஜப்பான் வரைந்த ராமாயணம்: எங்கள் ஊர்க்காரர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள்

2025 ஜனவரிக் கடைசியில், பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து ஒரு வேன் பிடித்து 19 பேர் கோவைக்குப் போய் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' என்ற அனிமேஷன் படத்தைப் பார்த்தோம். திரும்பும்போது வேலந்தாவளத்தில் டீ குடிக்க இறங்கினோம். அங்கேயே பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. பாதிப் பேருக்குக் கண் கலங்கியிருந்தது. மீதிப் பேருக்கு ஏமாற்றம். அதற்குப் பிறகு வாசகசாலையிலும் கோயில் திடலிலும் கல்யாண வீடுகளிலும் ஒரே கேள்விகள்தான் என்னிடம் வந்துகொண்டிருக்கின்றன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் கீழே வைக்கிறேன்.

ஏனுங்க, இது ஜப்பான்காரங்க எடுத்த படமாமே, நெசமாவா?

நிஜம்தான். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் எடுத்தது. 1983-ல் அவர் அலகாபாத் பக்கம் தொல்லியல் அறிஞர் பி.பி. லால் நடத்திய அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தார். அப்போதுதான் ராமாயணக் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைத் தேடிப் படித்தார்.

ஆனாலும் ஜப்பான் படம் என்று மட்டும் சொல்லிவிட்டால் பாதி உண்மைதான். கோயிச்சி சசாகியுடன் நம் நாட்டு ராம் மோகனும் சேர்ந்து இயக்கினார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். இசை வன்ராஜ் பாட்டியா. 1990-ல் வேலை தொடங்கி, ஏறக்குறைய 450 ஓவியர்கள் உட்கார்ந்து வரைந்து, 1992-ல் முடித்தார்கள்.

நான் சின்ன வயசுல டிவியில பார்த்திருக்கனே, இப்ப என்ன புதுப் படம்ங்கறீங்க?

நீங்கள் பார்த்ததும் இதே படம்தான். கார்ட்டூன் நெட்வொர்க்கில் பல தடவை போட்டார்கள். அதை 4கே தரத்துக்குச் சுத்தப்படுத்தி 2025 ஜனவரி 24-ல் ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளில் தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள். சின்னத் திரையில் பார்த்தபோது மிதிலையும் இலங்கையும் கலங்கலாகத் தெரிந்தன. இப்போது பின்னணி ஓவியங்களில் தூரிகை போன தடம்கூடத் தெரிகிறது. சாகோ 2012-லும் ராம் மோகன் 2019-லும் காலமாகிவிட்டார்கள். இந்தக் கூட்டத்தை அவர்கள் பார்க்கவில்லையே என்று எனக்கு மனசு கனத்துப்போனது.

தடை பண்ணுன படம்னு சொல்றாங்களே, அப்படி என்ன தப்பு இருந்துச்சு?

தடை செய்யப்பட்ட படம் என்பது தவறு. நடந்தது வேறு. ஆவணப்படம் பற்றிய ஒரு பத்திரிகைச் செய்தியைப் பார்த்த விசுவ இந்து பரிஷத், வெளிநாட்டுக்காரர் இஷ்டத்துக்கு ராமாயணத்தைப் படமெடுக்கக் கூடாது என்று ஆட்சேபம் தெரிவித்தது. பேசிப் புரியவைத்த பிறகு அந்த மனஸ்தாபம் தீர்ந்தது. அடுத்து, கூட்டுத் தயாரிப்பாகச் செய்யலாம் என்று சாகோ இந்திய அரசிடம் கேட்டார். ராமாயணம் மக்கள் மனசைத் தொடும் விஷயம், அதைக் கார்ட்டூனாகக் காட்ட முடியாது என்று பதில் வந்தது. அதனால்தான் தயாரிப்பு முழுவதும் ஜப்பானுக்குப் போனது.

படம் முடிந்த காலமும் சரியில்லை. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. 1993 ஜனவரியில் டில்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் இந்தப் படத்தைத் திரையிட்டார்கள். நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது நம் ஊர் தியேட்டர்களுக்கு இது பரவலாக வரவே இல்லை.

சாமி கதைய கார்ட்டூனாப் போடலாமுங்களா? மனசு ஒப்பலையே.

இதைக் கேட்டவர் என் பெரியம்மா. கேலியாகக் கேட்கவில்லை, பயபக்தியோடு கேட்டார். அரசாங்கம் 40 வருஷத்துக்கு முன் சொன்ன காரணமும் இதுவேதான்.

பெரியம்மாவுக்கு நான் நம் பாலக்காட்டுத் தோல்பாவைக்கூத்தை நினைவுபடுத்தினேன். பகவதி கோயிலுக்கு எதிரே கூத்து நடக்கிற மேடை, கூத்துமாடம். ஏறக்குறைய 42 அடி நீளத்துக்கு வெள்ளைத் துணி. அதற்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி ஏற்றிய 21 விளக்குகள். மான் தோலில் வெட்டிய ராமன், சீதை, அனுமன் என்று ஏறக்குறைய 160 பாவைகள். ஆடை மடிப்பும் நகையும் தெரிய வேண்டுமென்று தோலில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருப்பார்கள். விளக்குச் சுடர் அசையும்போது அந்தத் துளைகளின் வழியாக வெளிச்சம் நடுங்கும். ராமர் மூச்சு விடுவதுபோல இருக்கும். பாவை ஆட்டிப் பாடுகிறவரைப் புலவர் என்போம். அவர் நகர்த்துவது பாவையின் ஒரு கையை மட்டும்தான். அவர் பாடுவதோ கம்பன் பாட்டு. மலையாள மண்ணில் தமிழ்ப் பாட்டு. விளக்கம் சொல்லும்போது இரண்டு மொழியும் கலந்து வரும்.

தோலை வெட்டித் துணிக்குப் பின்னால் ஆட்டியது சாமி குற்றம் இல்லையென்றால், காகிதத்தில் வரைந்து ஓட்டுவதும் குற்றம் இல்லை. கை எப்படிப்பட்ட கை, அதில் பக்தி இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் இருக்கிறது. பெரியம்மா என் பேச்சைக் கேட்டு மாறவில்லை. தியேட்டரில் அனுமன் கடலைத் தாண்ட எழுந்து நின்றதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கைகூப்பினார். அப்போதுதான் அவருடைய சந்தேகம் போனது.

ராமருக்கு ஏன் கண்ணு இத்தாம்பெருசு? மூஞ்சி நம்ம ஆளுங்க மாதிரியே இல்லியே.

ஜப்பான் அனிமேஷன் மரபில் உணர்ச்சி முழுவதையும் கண்ணில்தான் வைப்பார்கள். மூக்கும் வாயும் ஒரு கோடுதான். நம் மரபும் அப்படித்தான். பாவைக்கூத்தில் பெரும்பாலும் பக்கவாட்டு முகம், அதில் ஒரே ஒரு பெரிய கண். கதகளி வேஷத்திலும் மை தீட்டிய கண்தான் பேசும். பழக்கமில்லாத பெரிய கண் என்பதால்தான் உறுத்துகிறது. அரைமணி நேரத்தில் பழகிவிடும்.

ஆனால் இந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. வானரர்களும் அரக்கர்களும் ஆளுக்கு ஒரு முகமாக வந்திருக்கிறார்கள். அரண்மனைப் பெண்களோ நகையும் சேலை நிறமும் தவிர ஒருவருக்கொருவர் வித்தியாசமே தெரியாமல் இருக்கிறார்கள். கோசலையையும் சுமித்திரையையும் என் அண்ணி கடைசிவரை மாற்றி மாற்றித்தான் சொன்னார். அவர் மேல் தப்பில்லை.

ஆட்டம் தடங்கித் தடங்கி வருதே, பிரிண்ட் கெட்டுப்போச்சுங்களா?

பிரிண்ட் நன்றாகத்தான் இருக்கிறது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்) ஓடும். கையால் வரையும்போது ஒவ்வொன்றுக்கும் புதுப் படம் போட்டுக் கட்டாது. ஒரே படத்தை இரண்டு மூன்று சட்டகத்துக்கு நிறுத்திவைப்பார்கள். அந்த நிறுத்தம்தான் உங்களுக்குத் தடங்கலாகத் தெரிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். படம் 135 நிமிஷம், அதாவது 8,100 விநாடி. விநாடிக்கு 12 படம் என்றாலே 97,200 ஆகிறது. இந்தப் படத்துக்கு ஏறக்குறைய 1 லட்சம் படங்கள் வரைந்ததாகச் சொல்கிறார்கள். கண்ணாடிபோன்ற செல் தாளில் ஒவ்வொன்றாக வரைந்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்துப் படம்பிடிக்க வேண்டும். இரண்டு பேர் நிற்கிற காட்சியில் ஒருவர் அசையாமல் இருப்பதும் இந்தச் சிக்கனத்தால்தான். பேச்சுக் காட்சிகளில் மிச்சம் பிடித்து, போர்க் காட்சிகளில் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்.

நரசிம்மர் படம் பார்த்த என் பையன் இத 'ஓல்டு'ங்கறான். என்ன சொல்றது?

2025 ஜூலையில் வந்த 'மகாவதார் நரசிம்மா' கணினியில் செய்த முப்பரிமாணப் படம். இது தாளில் வரைந்தது. பையனுக்கு மேலே சொன்ன 97,200 கணக்கைச் சொல்லுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் பந்து குதிக்கிறாற்போல 12 படம் வரையச் சொல்லுங்கள். ஒரு விநாடி வரைந்து முடித்தானென்றால் இந்தப் படத்தை வேறு கண்ணோடு பார்ப்பான். எங்கள் வாசகசாலைப் பிள்ளைகளிடம் செய்து பார்த்தேன். பலன் தெரிந்தது.

இது எந்த ராமாயணமுங்க? கர்க்கடகத்துல எங்க வீட்ல படிக்கிறதுல இப்படி இல்லியே.

இந்தப் படம் வால்மீகி வழி. உங்கள் வீட்டில் கர்க்கடக மாசம், அதாவது ஆடியில், விளக்கேற்றி வைத்துப் படிப்பது மலையாளக் கவி எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டு. நம் சித்தூரில் சோகநாசினி ஆற்றங்கரையில் குருமடம் இருக்கிறதே, அந்த எழுத்தச்சனேதான். அவர் சொல்லும் கதையில் இராவணன் தூக்கிப்போனது மாயா சீதையை. உண்மைச் சீதை அக்னியிடம் பத்திரமாக இருக்கிறாள். தமிழ் வழியில் வந்தவர்களோ இன்னொன்று கேட்கிறார்கள். கம்பர் பாட்டில் இராவணன் சீதையைத் தொடவே இல்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போகிறான், அது ஏன் படத்தில் இல்லை என்று.

மூன்றும் மூன்று வழி. அரக்கன் கை பட்டது என்று பாடக் கம்பருக்கு மனசு வரவில்லை. எழுத்தச்சன் பின்பற்றிய அத்யாத்ம மரபு இன்னும் ஒரு படி மேலே போய், அவள் அங்கே இல்லவே இல்லை என்றது. சாகோ வால்மீகியை எடுத்துக்கொண்டதால் நிலம் பெயர்வதும் இல்லை, மாயா சீதையும் இல்லை. நம் எல்லைப் பக்கத்து வீடுகளில் மூன்று ராமாயணமும் புழங்குவதால் நமக்குத்தான் இந்தச் சந்தேகம் அதிகம். இது குறை இல்லை, நமக்குக் கிடைத்த சொத்து.

இராவணனுக்குப் பத்துத் தலை எங்கீங்க காணோம்?

பெரும்பாலான காட்சிகளில் ஒரு தலையோடுதான் வருகிறான். நம் கண்ணுக்குப் பத்துத் தலை காலண்டர் படத்திலிருந்து பழகிவிட்டது. உறங்குகிற இராவணனை அனுமன் முதலில் காணும் இடத்தில் வால்மீகியே இரண்டு தோள்களைத்தான் வர்ணிக்கிறார். வேண்டும்போது எடுக்கிற உருவம் என்று உரைகாரர்கள் சொல்கிறார்கள். படம் எடுத்தவர்கள் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறார்கள்.

ஆரம்பத்துல ஓட்டமா ஓடிட்டாங்க. கைகேயி ஏன் அப்படிப் பண்ணுனானே புரியலைங்க.

எனக்கும் இதுதான் பெரிய குறை. அயோத்தியா காண்டம் முழுவதும் மனுஷ மனசின் கதை. கூனி சொல்லச் சொல்லக் கைகேயி மாறுவது, தசரதன் உடைந்துபோவது, பரதன் வந்து கதறுவது எல்லாவற்றுக்கும் நேரம் வேண்டும். கூத்தில் ஒரு ராமாயணத்துக்கு 14 இரவோ 21 இரவோ கிடைக்கிறது. சில கோயில்களில் 71 இரவுவரை நடக்கிறது. சினிமாவுக்கு இரண்டேகால் மணி நேரம்தான். எதையாவது விட்டாக வேண்டும் என்பது சரி. ஆனால் விட்டது வீட்டுக்குள் நடக்கிற கதையை, வைத்துக்கொண்டது போர்க்களத்தை. நான் செய்திருந்தால் மாற்றிச் செய்திருப்பேன்.

அதே சமயம் போர்க்களத்துக்குக் கொடுத்த நேரம் வீணாகவில்லை. கும்பகர்ணன் வருகிற இடத்தைப் படத்தைப் பிடிக்காதவர்களும் மறக்கவில்லை. ஒரு மலை எழுந்து நடந்துவருகிற மாதிரி வருகிறான். அவன் கால் எவ்வளவு உயரம் என்பதை முதலில் வானரர்களின் கண் வழியாகத்தான் காட்டுகிறார்கள். அந்த ஒரு காட்சிக்காக நம் ஆட்கள் இன்னொரு முறை கோவைக்குப் போனார்கள்.

தமிழ்ல பேசறது ஒட்டவே இல்லியே, வாய் ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமாப் போகுது.

படம் முதலில் பேசியது ஆங்கிலம். பாடல்கள் சமஸ்கிருதம். ஆங்கிலத்தில் சொன்ன வசனத்தின் நீளத்துக்குள் தமிழை அடக்க வேண்டியிருப்பதால் சில இடங்களில் பேச்சு அவசரப்படுகிறது, சில இடங்களில் இழுக்கிறது. புதிய பதிப்புகளின் தழுவலில் திரைக்கதை ஆசிரியர் விஜயேந்திர பிரசாத்தின் பங்கு உண்டு. இந்திப் பதிப்புக்கு அந்தக் காலத்திலேயே நல்ல குரல்கள் அமைந்தன. தொலைக்காட்சித் தொடரில் ராமனாக நடித்த அருண் கோவில் (Arun Govil) என்ற நடிகர்தான் ராமனுக்குக் குரல் கொடுத்தார். இராவணனுக்கு அம்ரிஷ் பூரி.

கம்பன் பாட்டைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு டப்பிங் வசனம் சப்பென்றுதான் இருக்கும். அதை நான் மறுக்கவில்லை. நம் புலவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக வந்திருக்கும்!

அஞ்சு வயசுக் கொழந்தையக் கூட்டிட்டுப் போலாமுங்களா?

கூட்டிப்போகலாம், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வேனில் வந்த நான்கு வயசுப் பிள்ளை கும்பகர்ணனைப் பார்த்து அழுதுவிட்டது. போரில் ரத்தம் உண்டு. எட்டு வயசுக்கு மேல் பயமில்லை.

எங்க தாத்தா இராவணன தமிழ் மன்னன்ம்பாரு. படம் அவர வெறும் வில்லனாக்கிருச்சேன்னு அவருக்கு வருத்தமுங்க.

தாத்தாவின் வருத்தத்துக்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது. ஈரோட்டுப் பக்கத்துப் புலவர் குழந்தை 1946-ல் இராவணனை நாயகனாக வைத்து 'இராவண காவியம்' எழுதினார். 1948-ல் அதற்குத் தடை போட்டார்கள். 1971-ல்தான் தடை நீங்கியது. கொங்கு நாட்டிலும் அதை ஒட்டிய நம் பக்கத்திலும் அந்த நூலைப் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று உண்டு. உங்கள் தாத்தாவும் அந்தத் தலைமுறையாகத்தான் இருப்பார். கேரளப் பக்கம் கதகளியிலும் இராவணனுக்குக் கத்தி வேஷம். பச்சை முகம், அதில் சிவப்புக் கத்திக் கோடு. பச்சை நிறம் வீரத்துக்கும் உயர்குடிக்கும் உரியது, சிவப்புக் கோடு அவனுடைய செருக்கு. இரண்டையும் ஒரே முகத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

படத்தில் இராவணன் கேவலமானவனாக இல்லை. நடையிலும் இருப்பிலும் அரசனாகத்தான் இருக்கிறான். ஆனால் கத்தி வேஷத்தின் பச்சைப் பாதி குறைவு. கம்பர் காட்டும் கல்வியும் இசையும் பாசமும் உள்ள இராவணனுக்கு இங்கே நேரம் ஒதுக்கவில்லை. முன்பே சொன்ன அவசரம் கைகேயிக்கு மட்டுமல்ல, இவனுக்கும் கேடு செய்திருக்கிறது. தாத்தாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

பட்டாபிஷேகத்துல முடிச்சுட்டாங்களே. சீதைய காட்டுக்கு அனுப்புனத மறைச்சுட்டாங்களா?

உத்தர காண்டம் படத்தில் இல்லை. அயோத்தி திரும்புவதோடு மங்கலமாக முடிகிறது. இதை மறைப்பு என்று சொல்ல நான் தயங்குவேன். கம்பரும் யுத்த காண்டத்தோடுதான் நிறுத்தினார். தமிழ் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடியதாகச் சொல்வது வழக்கு. கர்க்கடகத்தில் நாம் படிக்கிற கிளிப்பாட்டும் ஆறு காண்டத்தில் முடியும். உத்தர ராமாயணம் தனி நூல்.

இதைக் கேட்டது பிளஸ் டூ படிக்கிற பெண். பதிலைச் சொன்னதும், "பெரியவங்க எல்லாருமே அந்த எடத்துல நிறுத்திக்கறீங்க" என்றாள். கம்பரைக் காட்டி நான் தப்பித்துக்கொண்டதாக அவளுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் பக்கம் உள்ள நியாயத்துக்கு இந்தப் படத்தில் பதில் இல்லை. அடுத்த கர்க்கடகத்தில் வாசகசாலையில் உத்தர காண்டத்தை மட்டும் எடுத்துப் பேசலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். அவளே பேசுகிறாள்.

மாமா, பகவதி இந்தப் படத்தப் பார்த்திருக்குமா?

வேனில் அழுத பிள்ளையின் அக்கா கேட்டது, வயசு ஒன்பது. அவள் கேட்டதற்குக் காரணம் உண்டு. ராமனும் இராவணனும் போர் செய்தபோது பகவதியாகிய பத்ரகாளி தாரிகாசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அதனால் ராம ராவண யுத்தத்தை அவள் பார்க்கவே முடியவில்லை. அந்தக் குறை தீரத்தான் வருஷா வருஷம் அவள் கோயில் முன்னால் பாவைக்கூத்து நடத்துகிறோம். நள்ளிரவு தாண்டி ஒரு ஆள்கூட உட்கார்ந்திருக்காவிட்டாலும் புலவர் பாட்டை நிறுத்துவதில்லை. பார்க்க வேண்டியவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது கணக்கு.

இல்லம்மா, தியேட்டருக்கு அவள் வரவில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் இங்கே கொண்டுவந்து போடுங்கள் என்றாள். பொது இடத்தில் திரையிட உரிமை வைத்திருப்பவர்களின் அனுமதி வேண்டும். கேட்டு எழுதியிருக்கிறோம். கிடைத்தால் கோயில் திடலில், நடைக்கு நேர் எதிரே திரை கட்டுவோம்.